காரணம் எழுதும் கட்டம்

அம்சவல்லிக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: 'தெரியவில்லை'.

சுரங்கத்தின் கன்ட்ரோல் ரூமில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். பழுப்பு நிலக்கரியை வெட்டும் இடத்திலிருந்து மேலே கொண்டு வருகிற பெல்ட்டுகளில் எது எப்போது நின்றாலும் லாக் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம். மற்ற ஷிஃப்ட்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காரணக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று கிறுக்கிவிட்டு ஓடுவார்கள். அம்சவல்லியின் பக்கங்களில் அந்த வார்த்தையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. மழை, மண், மோட்டார் சூடு, யாரோ ஒருவரின் கவனக்குறைவு, ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். அடித்தல் திருத்தலும் கிடையாது. "அம்சா மேடம் எழுதினா அச்சடிச்ச மாதிரி" என்று ஷிஃப்ட் இன்சார்ஜ் நல்லசாமி ஒரு தடவை சொல்லிவிட்டார். அதை அவள் வீட்டில் நாற்பது தடவை சொல்லியிருப்பாள்.

அவளுடைய பெருமையிலும் நியாயம் உண்டு. முத்தாண்டிக்குப்பத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலம் தள்ளிய குடும்பம் அவளுடையது. அந்தத் தெருவில் டிப்ளமா படித்து, அப்ரன்டிஸ் முடித்து, பரீட்சை எழுதி பெர்மனென்ட் ஆன முதல் ஆள் அவள்தான். வேலை ஆர்டரை ஃப்ரேம் போட்டு, இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸின் ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துத்தான் ஆணி அடித்தாள்.

புருஷன் தங்கராசு ஃபிட்டர். அதே சுரங்கம், அதே தூசு, ஆனால் கான்ட்ராக்ட். நெய்வேலியில் பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற இரண்டு வார்த்தைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். தங்கராசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமையானால் பரோட்டா பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே வருவான். அம்சவல்லிக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால், "அந்தக் கான்ட்ராக்ட் சட்டைய மாத்திக்கினு வாங்க" என்பாள். சண்டை முற்றினால் கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருந்தாள்: "இது என் பேர்ல அலாட் ஆன குவார்ட்டர்ஸ், ஞாபகம் இருக்கட்டும்!" தங்கராசு செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டு, கோபம் ஆறியதும் திரும்பி வருவான். புருஷன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் சகஜம்.

இவர்களின் ஒரே மகள் தமிழ்நிலா. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வீட்டில் இருந்தால் ஊர்க்கதை அத்தனையும் பேசுவாள். ஆனால் இரண்டாயிரத்துப் பதினான்காம் வருஷம் ஆகஸ்ட் மாதத்திலிருந்து பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்குவாள். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். ஒரு நாள் பாத்ரூம் போக அனுமதி கேட்க வாய் வராமல் பாவாடையிலேயே நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அம்சவல்லி அவளைத் திட்டித் தீர்த்தாள். பிறகு பாத்ரூமில் அந்தப் பாவாடையை அலசிக்கொண்டே அழுதாள்.

செய்யாத வைத்தியம் இல்லை. கடலூர் டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டுக் குறையொன்றும் இல்லை என்றார். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் எல்லோரையும் போலத் தாளில் பிராது எழுதிக் கட்டினாள். அந்தப் பிராதிலும் 'காரணம்: குழந்தையின் பிடிவாதம்' என்று சாமிக்கு வேலை வைக்காமல் அவளே எழுதிவிட்டாள்.

நவம்பரில் வகுப்பாசிரியை தனம் மிஸ் கூப்பிட்டு நல்லவிதமாகத்தான் சொன்னார். "ஏப்ரல்ல வாய்மொழித் தேர்வு இருக்கு. ஒரே ஒரு கேள்விக்கு வாயத் திறந்து பதில் சொன்னாப் போதும், நான் பாத்துக்கறேன். இல்லைன்னா இவளுக்குத் தனியா கவனிக்கற ஸ்கூல் பாக்கச் சொல்றாங்க. கடலூர்லதான் இருக்கு, ஹாஸ்டல்ல விடணும்." குழந்தையை ஹாஸ்டலில் விட அம்சவல்லிக்கு மனசில்லை. அந்த வாரமே சத்யப்பிரியாவிடம் கூட்டிப் போனாள்.

சத்யப்பிரியா குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். சனிக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து வந்து, ஒரு குழந்தை டாக்டரின் வீட்டு மாடியில் உட்காருவார். முப்பது வயதுதான் இருக்கும். இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் அம்சவல்லி படியேறினாள். சத்யப்பிரியா நிலாவோடு ஒரு மணி நேரம் பொம்மைகளை வைத்து விளையாடினார். பிறகு அம்மாவின் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார். அதில் மூன்று கட்டம் போட்டிருந்தது. 'என்ன நடந்தது', 'நிலா மனசில் என்ன இருந்திருக்கும்', 'உங்களுக்கு என்ன தோன்றியது'.

நோட்டு என்றதும் அம்சவல்லிக்கு உற்சாகம் வந்துவிட்டது. நமக்குத் தெரியாத நோட்டா! வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஸ்கேல் வைத்து நடுக்கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு, மேலே அழகாக 'காரணம்' என்று எழுதினாள். மூன்றாவது கட்டம் தேவையில்லாதது என்று தோன்றியது. அதைக் காலியாகவே விட்டாள்.

'திங்கள்: ஸ்கூல் பஸ்ஸில் தோழி கூப்பிட்டும் பதில் இல்லை. காரணம்: பிடிவாதம். புதன்: இட்லி சாப்பிட மறுப்பு. காரணம்: அப்பா கொடுக்கும் செல்லம். வெள்ளி: அப்பா வர லேட். ஆறு மணி வரை வாசலை விட்டு நகரவில்லை. காரணம்: பரோட்டா ஆசை.'

பத்து வாரம் இப்படியே போனது. பள்ளிக்கூடத்தில் நிலா வாய் திறக்கவில்லை. சத்யப்பிரியா ஒவ்வொரு சனிக்கிழமையும் நோட்டைப் படித்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இது எப்படித் தெரிஞ்சுது?"

"பெத்தவளுக்குத் தெரியாதா மேடம்?"

ஜனவரிக் கடைசியில் சத்யப்பிரியா வேறொன்றைச் சொன்னார். "நிலா வாரா வாரம் ஒரே விளையாட்டுதான் விளையாடறா. பொம்மைங்கள வரிசையா நிக்க வெச்சு, கேட்ல பாஸ் கேக்கறா. எல்லாரையும் உள்ள விட்டுட்டு ஒரே ஒரு பொம்மைய மட்டும் வெளிய நிறுத்திடறா. என்னன்னு எனக்குப் பிடிபடல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"இதுல தோண என்ன இருக்கு? செக்யூரிட்டி கேட்ட பாத்துகினே வளந்த ஊருப் புள்ள. போலீஸ் ஆவணும்னு ஆசை. அவ்ளோதான்."

சத்யப்பிரியா நோட்டை மூடி வைத்தார். "அம்சவல்லி, பளிச்சுன்னு சொல்லிடறேன். நிலா எங்கிட்ட இருக்கறது வாரத்துக்கு ஒரு மணி நேரம். மிச்ச நேரம் பூரா உங்ககிட்ட. இந்தப் புள்ள மனசுல இப்ப என்ன ஓடுதுன்னு யோசிச்சுப் பாக்கற அம்மா, நான் நினைக்கறது தப்பாக்கூட இருக்கலாம்னு கொஞ்சம் இடம் விட்டு வெக்கற அம்மா, அப்படி ஒருத்தர் வீட்ல இருந்தா இங்க நடக்கற வேலை புள்ளைக்கிட்ட ஒட்டுது. எல்லாருக்கும் அப்படியேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நிறைய பேர்கிட்ட பாத்துட்டேன். உங்க நோட்டுல பத்து வாரத்துல ஒரு இடத்துலகூட 'தெரியல'ன்னு இல்ல."

அம்சவல்லிக்குச் சுருக்கென்றது. "அப்ப தப்பு எம்மேலன்றீங்க."

"மூணு கட்டம் போட்டுக் குடுத்தேன். தப்புக்குன்னு ஒரு கட்டம் போடவே இல்லையே."

அம்சவல்லி நிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கி வந்தாள். படித்த திமிர் என்று ஸ்கூட்டியைக் கிளப்பும்வரை முணுமுணுத்தாள். பிள்ளை பெற்றிருக்கிறாளா, பேச வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவளுக்கு முதல் ஷிஃப்ட். வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நாலாம் நம்பர் பெல்ட் நின்றது. பலகையில் 'புல் கார்டு' விளக்கு எரிந்தது. பெல்ட்டின் நீளம் முழுக்கப் பக்கவாட்டில் ஒரு கயிறு ஓடும், அதுதான் புல் கார்டு. ஆபத்து என்று பார்க்கிற எவரும், கூட்டுகிறவர்கூட, அதை இழுக்கலாம். இழுத்தால் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட் அப்படியே நின்றுவிடும். அதில் ஒரு சங்கதி உண்டு. மோட்டாரைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஓட்டலாம், நிறுத்தலாம். ஆனால் இழுத்த கயிற்றை அங்கிருந்தபடி விடுவிக்க முடியாது. யாராவது பெல்ட் ஓரமாகவே நடந்து போய், இழுத்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நின்று கையால்தான் விடுவிக்க வேண்டும்.

பெல்ட் பார்க்கும் கலியமூர்த்தியை அனுப்பினாள். அவர் நடந்து போய்க்கொண்டிருக்கும்போதே பேனாவை எடுத்து, 'காரணம்: தவறுதலாக இழுக்கப்பட்டது' என்று முத்து முத்தாக எழுதியும் விட்டாள். பத்தில் எட்டுத் தடவை அதுதான் காரணம்.

பன்னிரண்டு நிமிஷம் கழித்து போன் வந்தது. "மேடம், கயிறு இங்கதான் இழுத்திருக்கு. மாரியம்மான்னு கான்ட்ராக்ட்டு லேபர், கூட்டிக்கினு இருந்துது. யாரு இழுத்ததுன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்குது. நான் ரீசெட் பண்ணிடட்டா?"

இன்னொரு நாளாக இருந்தால் பண்ணுங்கள் என்று சொல்லியிருப்பாள். அன்றைக்கு என்னவோ அந்தச் சனிக்கிழமைக் கேள்வி காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. இது எப்படித் தெரிஞ்சுது?

"இருங்க. அந்தம்மாகிட்ட போனைக் குடுங்க." போன் கை மாறியது. "மாரியம்மா, நான் திட்டறதுக்குக் கூப்பிடல. நீங்க என்ன பாத்தீங்கன்னு எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

"ஒண்ணியும் இல்லீங்க" என்றது குரல். பிறகு மெதுவாக, "கரியோட கரியா இரும்புப் பல்லு ஒண்ணு வந்துச்சுங்க. மம்பட்டி அகலம் இருக்கும். உருளையாண்ட சொருவிக்கினு நிக்குதுங்க. ஓடுச்சுன்னா பெல்ட்டு கிழிஞ்சிடுமேன்னுட்டு இழுத்துட்டங்க."

வெட்டும் சக்கரத்தின் பல். அது பெல்ட்டில் மாட்டினால் நூறு அடி, இருநூறு அடி என்று நீளவாக்கில் கிழித்துவிடும். அம்சவல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இத ஏன் அவருகிட்ட சொல்லல? நீங்க செஞ்சது எவ்ளோ பெரிய வேல!"

"பெல்ட்டு நின்ன நேரத்த எம்பேருல எழுதிடுவாங்களோன்னு பயங்க. நாங்க கான்ட்ராக்ட்டு. வாயத் தெறந்தா என்னா சேதி வருமோ!"

கலியமூர்த்தி பல்லை நெம்பி எடுத்தார், கயிற்றை விடுவித்தார், பெல்ட் ஓடியது. அம்சவல்லி லாக் புத்தகத்தைப் பார்த்தாள். 'தவறுதலாக இழுக்கப்பட்டது' என்று அவளுடைய அழகான கையெழுத்து அவளையே பார்த்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வரியை அடித்தாள். 'இரும்புப் பல்லைக் கண்டு மாரியம்மாள் நிறுத்தினார்' என்று பெயரோடு எழுதினாள். நல்லசாமி எட்டிப் பார்த்து, "என்ன மேடம், உங்க புக்ல அடித்தலா?" என்று ஆச்சரியப்பட்டார்.

அவளுக்கு அது காதில் விழவில்லை. வாயத் தெறந்தா, சேதி. இந்த இரண்டையும் சேர்த்து எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைவைத் துழாவினாள். இரண்டு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஆர்ச் கேட் தாண்டும்போது அது பிடிபட்டது. கேட்டதில்லை, சொன்னது. அவளே சொன்னது.

போன ஆகஸ்ட்டில் வகுப்பில் 'என் குடும்பம்' என்று ஐந்து வாக்கியம் பேசச் சொல்லியிருந்தார்கள். அம்சவல்லி யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். அம்மா சுரங்கத்தில் பெர்மனென்ட். அப்பாவும் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "அப்பா பெர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டான்னு யாரு கேட்டாலும் வாயத் தெறக்கக் கூடாது. தெறந்தியோ, அப்புறம் தெரியும் சேதி!"

நோட்டில் தான் எழுதிய காரணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிடிவாதமாம், செல்லமாம், பரோட்டாவாம்.

ஆனால் அம்சவல்லி அம்சவல்லிதானே. சனிக்கிழமை வருவதற்குள் துக்கம் பாதி போய், கண்டுபிடித்த பெருமை பாதி வந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போதே, "கண்டுபுடிச்சிட்டேன் மேடம்!" என்றாள். நோட்டை விரித்துக் காட்டினாள். 'காரணம்: வாயைத் திறக்காதே என்று நான் சொன்னது.' பக்கத்தில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தாள்.

சத்யப்பிரியா நிதானமாகப் படித்தார். "இத எழுதறதுக்கு தைரியம் வேணும். நிலாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அதான் தெரிஞ்சுபோச்சே!"

சத்யப்பிரியா நோட்டை அவள் பக்கமே திருப்பி வைத்தார். அப்போதுதான் அம்சவல்லிக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. கலியமூர்த்தி நடந்து போய்ச் சேருவதற்குள் காரணம் எழுதிய அதே கை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் சிரித்தாள்.

"நடந்து போயிப் பாக்காமலே ரீசெட் பண்ணப் பாத்துட்டேன் மேடம்."

"எனக்குப் புரியல. சொல்லுங்க" என்றார் சத்யப்பிரியா. அம்சவல்லி பெல்ட், கயிறு, மாரியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். சத்யப்பிரியா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "இத விட நல்லா எனக்கு விளக்கத் தெரியாது" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகல். தங்கராசு வேலைக்குப் போயிருந்தான். அம்மாவும் மகளும் ஹாலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று அம்சவல்லி மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்தாள். பெர்மனென்ட் இன்டர்வியூவுக்குப் போனபோதுகூட இப்படி இல்லை.

"நிலா, அம்மாவுக்கு ஒண்ணு தெரியல."

நிலா தலை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் அதுவரை கேட்டிராத வாக்கியம் அது. "உனக்கா? என்னம்மா தெரியல?"

"அன்னைக்கு 'என் குடும்பம்' சொல்லிக் குடுத்தப்ப, வாயத் தெறந்தா தெரியும் சேதின்னு சொன்னேன்ல. நான் கோவத்துல சொல்லிட்டேன். நீ அத என்னன்னு நெனச்சுக்கினன்னு எனக்குத் தெரியல."

நிலா மறுபடி குனிந்து கடலையை உடைத்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து கடலை ஆயிற்று. அம்சவல்லியின் நாக்கு நுனியில் நாலு பதில் தயாராக இருந்தது. எதையாவது எடுத்துக் கொடுத்தால் குழந்தை ஆமாம் என்று தலையாட்டிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

"சேதி எனக்குத் தெரியும்" என்றாள் நிலா, கடலையைப் பார்த்தபடி. "அப்பா கான்ட்ராக்ட்டுதான? கான்ட்ராக்ட்டு முடிஞ்சா போயிடணும்ல. நீதான் பெர்மனென்ட்டு. வூடு உன் பேர்ல அலாட்டு. நீயே சொல்லுவ. நான் ஸ்கூல்ல சொல்லிட்டன்னா மிஸ் ஆபீஸ்ல சொல்லிடுவாங்க. அப்புறம் அப்பாவ கேட்ல பாஸ் கேப்பாங்க. அப்பாகிட்டதான் வூட்டுக்குப் பாஸ் இல்லியே."

அம்சவல்லி கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் பேசினாலும் அதும் சேந்து வந்துடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் ஒண்ணுமே பேசல" என்றாள் நிலா.

அம்சவல்லி போட்ட கணக்கு எங்கே, குழந்தை சுமந்தது எங்கே! ஆறு மாசமாக, எட்டு வயசுப் பிள்ளை, அப்பனை வீட்டில் வைத்துக்கொள்ள வாயைப் பூட்டிக்கொண்டு காவல் இருந்திருக்கிறது. பாவாடை நனைந்தபோதும் அந்தக் காவலை விடவில்லை. 'அட லூசு' என்று வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கினாள்.

"அப்ப வெள்ளிக்கெழம வாசல்லியே நிப்பியே?"

"அப்பா வராரான்னு பாப்பேன்."

அம்சவல்லி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தொலியும் கடலையும் சிதறின. "எவ்ளோ பயந்திருப்ப. எனக்குத் தெரியாமப் போச்சே கண்ணு. வேலதான் கான்ட்ராக்ட்டு. அப்பா கான்ட்ராக்ட்டு இல்ல. வூட்ல யாரையும் யாரும் அனுப்ப முடியாது. நான் கோவத்துல சொன்னது அத்தினியும் பொய்யி."

நிலா யோசித்தாள். நெய்வேலிப் பிள்ளை, அவ்வளவு சுலபமாக நம்பிவிடுமா? சுவரில் தொங்கிய ஃப்ரேமைக் காட்டிக் கேட்டாள்: "ஆர்டர் இருக்கா?"

அன்று மாலை ஆறு மணிக்குத் தங்கராசு வந்தபோது, மேஜைமேல் அம்சவல்லியின் கையெழுத்தில் ஒரு தாள் காத்திருந்தது. 'திரு. தங்கராசு, ஃபிட்டர், அவர்கள் இந்த வீட்டில் அப்பாவாகவும் புருஷனாகவும் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். இந்த ஆர்டரை யாரும் ரத்து செய்ய முடியாது.' கீழே அம்மாவின் கையெழுத்து, தேதி, சாட்சியாகத் தமிழ்நிலாவின் கையெழுத்து. அப்பா கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

தங்கராசு படித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தான். "அடேயப்பா! இத்தினி வருசமா இந்த வூட்ல நான் ப்ரொபேஷன்லதான் இருந்துகினு இருந்தனா?"

மகள் உள்ளே பேனா தேட ஓடினாள். அம்சவல்லி அவன் முன்னால் வந்து நின்று நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் சிரிப்பு இறங்கியது. கிரீஸ் படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அந்தச் சட்டைய மாத்துன்னு நீ சொல்றப்பல்லாம் எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும் அம்சா. போவுதுன்னு வுட்டுடுவேன்."

"மன்னிச்சுக்கங்க" என்றாள் அவள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அதுவும் முதல் தடவைதான். தங்கராசு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். நிலா தாளை நாலாக மடித்துத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே அவள் பள்ளிக்கூடத்தில் பிரசங்கம் செய்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஆறு மாசமாகப் பூட்டிய பூட்டு ஒரு திருகலில் திறக்காது. முதலில் பஸ்ஸில் தோழியின் காதில் ஒரு வார்த்தை சொன்னாள். மார்ச்சில், தனம் மிஸ் முதுகைக் காட்டி நின்றால் பாடத்தில் ஒரு வரி வாசித்தாள். சனிக்கிழமை விளையாட்டில் வெளியே நின்ற பொம்மையை உள்ளே விட்டாள். ஆனாலும் அதற்குப் பாஸ் இருக்கிறதா என்று இரண்டு தடவை சரி பார்த்தாளாம். சில நாள் பழையபடி ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தாள். அம்சவல்லி நோட்டில் நடுக்கட்டத்தின் பழைய தலைப்பை மறுபடி எழுதி, கீழே, 'தெரியவில்லை. கேட்டேன், சொல்லவில்லை. நாளைக்குக் கேட்கலாம்' என்று எழுதப் பழகினாள். ஆரம்பத்தில் அந்த வார்த்தையை எழுதக் கை கூசியது. போகப் போக அதை எழுதிய நாளெல்லாம் நிலா அடுப்படியில் அவளையே சுற்றிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. பெற்றோர் வராந்தாவில் காத்திருக்கலாம் என்றார்கள். அம்சவல்லி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். தங்கராசுக்குக் காலையிலேயே சொல்லியிருந்தாள்: "வேலைலேர்ந்து நேரா வந்துடுங்க. சட்டைய மாத்த வேணாம்." அவன் முதுகில் கான்ட்ராக்ட் கம்பெனி பெயரோடும் முழங்கை வரை கிரீஸோடும் வந்து நின்றான். வராந்தாவில் இருந்தவர்கள் ஒரு பார்வை பார்த்தார்கள். அம்சவல்லி அவனை ஒட்டி நின்றுகொண்டாள்.

ஜன்னல் வழியாக நிலாவின் பின்தலை மட்டும் தெரிந்தது. ஜியாமெட்ரி பாக்ஸை நெஞ்சோடு பிடித்திருந்தாள். தனம் மிஸ் சுலபமாகத்தான் தொடங்கினார். "உன் பேர் என்ன?" பதில் இல்லை. "எந்த வகுப்பு?" பதில் இல்லை. அம்சவல்லி தங்கராசுவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். தனம் மிஸ் புத்தகத்தில் அடுத்து இருந்த கேள்வியைக் கேட்டார்.

"உங்க அப்பா என்ன வேலை பாக்கறார்?"

போயிற்று என்று நினைத்தாள் அம்சவல்லி. உலகத்தில் இத்தனை கேள்வி இருக்க, இதையா கேட்க வேண்டும்? உள்ளே நிலா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். பிறகு மிஸ் பக்கம் திரும்பினாள்.

"கான்ட்ராக்ட்டு, மிஸ்."

சின்னக் குரல். ஆனால் வராந்தாவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "சுரங்கத்துல கான்ட்ராக்ட்டு. வூட்ல பெர்மனென்ட்டு. ஆர்டர் இருக்கு, காட்டட்டுமா?"

தனம் மிஸ் மார்க் போடுகிற பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கராசு கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான். கையை எடுத்தபோது கன்னமெல்லாம் கறுப்பு. அம்சவல்லி தன் பட்டுப் புடவைத் தலைப்பால், எல்லோரும் பார்க்க, அதைத் துடைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை சத்யப்பிரியா நோட்டைப் பிரித்தார். முதல் கட்டத்தில் நிலா சொன்ன 'கான்ட்ராக்ட்டு' என்ற ஒரு வார்த்தை இருந்தது. நடுக்கட்டத்தில், 'தெரியவில்லை. சாயங்காலம் கேட்டேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அப்பா நின்றார் என்றாள்.' இத்தனை மாசமாகக் காலியாகக் கிடந்த மூன்றாவது கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது, மூன்று இடத்தில் அடித்தலும் இருந்தது.

'அந்த வார்த்தையை மறைக்கச் சொன்னது நான். அவள் சொன்னபோது வெட்கமாக இருந்தது. அவரைப் பார்த்து அல்ல, என்னை நினைத்து. அப்புறம் சந்தோஷமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.'